ராபர்ட் கோல்ட் ஷா: கறுப்பின வீரர்களோடு ஒரே குழியில் புதைக்கப்பட்ட 25 வயது கர்னல்! யார் இவர்?

1863-ம் ஆண்டு ஜூலை 19. அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில், சார்ல்ஸ்டன் துறைமுகத்தின் வாசலில் இருக்கும் மோரிஸ் தீவு. முந்தைய நாள் இரவு நடந்த சண்டையில் இறந்தவர்களின் உடல்கள் கடற்கரை மணலில் குவிந்து கிடக்கின்றன. கோட்டையைக் காப்பாற்றிய தெற்குப் படையினர் நீளமான குழி ஒன்றைத் தோண்டுகிறார்கள். எதிரிப் படையின் கறுப்பின வீரர்களை அதில் போடுகிறார்கள். அவர்களோடு ஒரு வெள்ளைக்கார கர்னலின் உடலையும் சேர்த்துப் போட்டு மூடுகிறார்கள்.

பொதுவாக, சண்டையில் இறந்த உயர் அதிகாரியின் உடலை எதிர்த்தரப்பிடம் மரியாதையோடு ஒப்படைப்பதுதான் அந்தக் காலத்து வழக்கம். இந்த கர்னலுக்கு மட்டும் அது மறுக்கப்பட்டது. கறுப்பினத்தவருக்குத் தலைமை தாங்கியவனுக்கு அவர்களோடுதான் இடம் என்று அவமானப்படுத்துவதே நோக்கம்.

ஆனா, அந்த கர்னலின் அப்பா இதை அவமானமாக எடுத்துக்கொள்ளவே இல்லை. மகனின் உடலைத் தோண்டி எடுக்க வேண்டாம், அவன் வீரர்களோடு அவன் அப்படியே இருக்கட்டும் என்று ராணுவத்துக்குக் கடிதம் எழுதினார்.

அந்த கர்னலின் பெயர் ராபர்ட் கோல்ட் ஷா. அவர் தலைமை தாங்கியது மாசசூசெட்ஸ் 54-வது தன்னார்வக் காலாட்படை. யார் இவர்? அந்தப் படையில் அப்படி என்ன நடந்தது? விரிவாகப் பார்க்கலாம்.

பணக்கார வீட்டுப் பிள்ளை

1837 அக்டோபர் 10-ம் தேதி பாஸ்டனில் பிறந்தவர் ஷா. நான்கு சகோதரிகளுக்கு நடுவே ஒரே ஆண் பிள்ளை. பணத்துக்குப் பஞ்சமே இல்லாத குடும்பம். அப்பா பிரான்சிஸ், அம்மா சாரா இருவருமே அடிமை முறையை ஒழிக்க வேண்டும் என்பதில் தீவிரமாக இருந்தவர்கள். அடிமை ஒழிப்பு இயக்கத்தின் பெரிய ஆட்கள் அவர்கள் வீட்டுக்கு வந்து போவது சாதாரணம்.

அப்போ ஷாவும் சின்ன வயசிலேயே போராளியா என்றால், இல்லை. சுவிட்சர்லாந்திலும் ஜெர்மனியிலும் படித்தார். கட்டுப்பாடு என்றாலே அவருக்கு ஆகாது. 1856-ல் ஹார்வர்டில் சேர்ந்து மூன்று வருடம் படித்துவிட்டு, பட்டம் வாங்காமலே வெளியே வந்தார். நியூயார்க்கில் மாமாவின் வர்த்தக நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அதுவும் பிடிக்கவில்லை. அடிமை முறை தப்பு என்று அவருக்குத் தெரியும். ஆனா பெற்றோர் அளவுக்கு அந்த விஷயத்தில் அவருக்கு வேகம் இருந்ததில்லை.

1861-ல் உள்நாட்டுப் போர் வெடித்தது. தன்னுடைய இடம் எது என்று தெரியாமல் இருந்த 23 வயது இளைஞருக்கு அங்கேதான் ஒரு வழி கிடைத்தது.

தன்னார்வப் படை என்றால் என்ன?

இங்கே ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். அடிமை முறையைக் கைவிட மறுத்த தென் மாநிலங்கள் 11, நாட்டிலிருந்து பிரிந்து தனிக் கூட்டமைப்பை அமைத்தன. அவற்றைத் திரும்பக் கொண்டுவர வடக்கு போரில் இறங்கியது. ஆனா போர் தொடங்கியபோது அமெரிக்காவின் நிரந்தர ராணுவத்தில் இருந்தது சுமார் 16 ஆயிரம் பேர்தான். இவ்வளவு பெரிய போருக்கு அது எந்த மூலைக்கு?

அதனால் அதிபர் ஆபிரகாம் லிங்கன் மாநிலங்களிடம் ஆள் கேட்டார். ஒவ்வொரு மாநிலமும் தன் ஊர்களிலிருந்து ஆட்களைத் திரட்டும். சுமார் 100 பேர் சேர்ந்தால் ஒரு கம்பெனி. 10 கம்பெனி சேர்ந்தால் ஒரு ரெஜிமென்ட், அதாவது ஏறக்குறைய ஆயிரம் பேர். அதிகாரிகளை நியமிப்பவர் மாநில ஆளுநர். படைக்கு மாநிலத்தின் பெயரும் ஒரு எண்ணும் வைக்கப்படும். விவசாயி, செருப்புத் தைப்பவர், ஆசிரியர், மாணவர் எனப் பலரும் இப்படித்தான் சிப்பாய் ஆனார்கள்.

ஷா முதலில் நியூயார்க் 7-வது படையில் 30 நாள் இருந்தார். பிறகு மாசசூசெட்ஸ் 2-வது காலாட்படையில் இளம் அதிகாரியாகச் சேர்ந்தார். வின்செஸ்டர், சீடர் மலை, ஆன்டீட்டம் என அடுத்தடுத்து சண்டைகள். சீடர் மலையில் நெருங்கிய நண்பர்கள் பலரை இழந்தார். 1862 செப்டம்பர் 17-ம் தேதி நடந்த ஆன்டீட்டம் சண்டையில், ஒரே நாளில் இரு தரப்பிலும் சேர்த்து சுமார் 23 ஆயிரம் பேர் இறந்தனர், காயமடைந்தனர் அல்லது காணாமல் போயினர். ஷாவுக்கும் கழுத்தில் லேசான காயம். கட்டுப்பாடே பிடிக்காத அந்தப் பையன் இப்போது அனுபவப்பட்ட கேப்டன்.

கறுப்பினத்தவர் கையில் துப்பாக்கியா?

போரின் முதல் இரண்டு வருடம், கறுப்பினத்தவரைப் படைவீரர்களாகச் சேர்க்க வடக்கே தயங்கியது. சண்டை என்று வந்தால் அவர்கள் ஓடிவிடுவார்கள் என்று வெளிப்படையாகவே பேசினார்கள். வெள்ளையின வீரர்களில் பலருக்கு அவர்களோடு ஒரே சீருடையில் நிற்க விருப்பமில்லை.

1863 ஜனவரி 1-ம் தேதி லிங்கனின் விடுதலைப் பிரகடனம் நடைமுறைக்கு வந்தது. தெற்கின் பிடியில் இருந்த பகுதிகளின் அடிமைகள் விடுதலை பெற்றவர்கள் என்று அறிவித்த அந்தப் பிரகடனம், கறுப்பினத்தவரைப் படையில் சேர்க்கவும் வழிவிட்டது. இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தப் பிரகடனம் முதலில் அறிவிக்கப்பட்டபோது, இதனால் நடைமுறையில் பெரிதாக என்ன மாறிவிடப் போகிறது என்று சந்தேகப்பட்டவர் ஷா.

மாசசூசெட்ஸ் ஆளுநர் ஜான் ஆண்ட்ரூ காத்திருக்கவில்லை. ஜனவரி கடைசியில் போர்த்துறையிடம் அனுமதி வாங்கி, வடக்கின் சுதந்திரமான கறுப்பினத்தவரைக் கொண்டு ஒரு படையை அமைக்கத் தொடங்கினார். ஒரு நிபந்தனை மட்டும் இருந்தது: அதிகாரிகள் எல்லோரும் வெள்ளையினத்தவராகவே இருக்க வேண்டும்.

அப்பா கொண்டுவந்த கடிதம்

இந்தப் படைக்குத் தலைமை தாங்குபவர் சண்டை பார்த்தவராகவும், அடிமை முறையை எதிர்க்கும் குடும்பத்தில் வந்தவராகவும் இருக்க வேண்டும் என்பது ஆளுநரின் எண்ணம். அவர் ஷாவைத் தேர்ந்தெடுத்தார். கடிதத்தை நேராக ஷாவுக்கு அனுப்பாமல் அவருடைய அப்பாவிடம் கொடுத்தார். அப்பா அதை எடுத்துக்கொண்டு வர்ஜீனியாவில் இருந்த முகாமுக்கே போனார்.

ஷா என்ன செய்தார் தெரியுமா? முடியாது என்று சொல்லிவிட்டார். தனக்கு அந்தத் தகுதி இருக்கிறதா என்ற தயக்கம். நண்பர்களோடு சேர்ந்து ரத்தம் சிந்திய படையை விட்டுப் போக மனசில்லை. கூடவே, ஊர் என்ன பேசும் என்ற பயமும் இருந்தது. அப்பா வெறுங்கையோடு கிளம்பினார். அதன்பிறகு ஷா யோசித்தார். ஒரு சில நாட்களிலேயே மனம் மாறி, சம்மதம் என்று தந்தி கொடுத்தார்.

அந்தச் சம்மதத்தின் விலை சாதாரணமானது இல்லை. கறுப்பினப் படைகளுக்குத் தலைமை தாங்கும் வெள்ளை அதிகாரிகள் பிடிபட்டால், அடிமைக் கலகத்தைத் தூண்டியவர்களாகக் கருதி மரண தண்டனை வரை விதிக்கலாம் என்று தென் மாநிலக் கூட்டமைப்பின் நாடாளுமன்றம் 1863 மே மாதம் தீர்மானம் போட்டது. கறுப்பின வீரர்களின் நிலைமை இன்னும் மோசம். அவர்களைப் போர்க் கைதிகளாகவே நடத்த மாட்டோம், மாநிலங்களிடம் ஒப்படைப்போம் என்றது தெற்கு. பிடிபட்டால் அடிமைத்தனம் அல்லது மரணம். அது தெரிந்தும் ஆயிரம் பேர் வந்து பெயர் கொடுத்தார்கள்.

யார் இந்த வீரர்கள்?

மாசசூசெட்ஸில் கறுப்பின மக்கள்தொகையே 10 ஆயிரத்துக்கும் குறைவு. ஒரு முழுப் படைக்கு அது போதாது. அதனால் பென்சில்வேனியா, நியூயார்க், ஒஹையோ எனப் பல மாநிலங்களில் ஆள் திரட்டினார்கள். கனடாவிலிருந்தும் கரீபியத் தீவுகள் பக்கமிருந்தும்கூட வந்தார்கள்.

அடிமையாக இருந்து தப்பித்து, பிறகு நாடறிந்த பேச்சாளராக உயர்ந்த பிரெடெரிக் டக்ளஸ், ஊர் ஊராகப் போய் இளைஞர்களை அழைத்தார். அவருடைய மகன்கள் லூயிஸ், சார்ல்ஸ் இருவரும் 54-வது படையில் சேர்ந்தார்கள். நியூ பெட்ஃபோர்டிலிருந்து வந்தவர் வில்லியம் கார்னி. வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்த இவர், மதபோதகராகப் போக நினைத்திருந்தவர். பெர்முடாவிலிருந்து வந்தவர் சார்ஜென்ட் ராபர்ட் சிம்மன்ஸ்.

பாஸ்டனுக்குப் பக்கத்தில் ரீட்வில் என்ற இடத்தில் பயிற்சி முகாம். ஷா கண்டிப்பான ஆள். ஆரம்பத்தில் வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் தன் வீரர்களைப் பற்றி அவர் பயன்படுத்திய சில வார்த்தைகளை இன்று படித்தால் முகம் சுளிக்க வைக்கும். அந்தக் காலத்து வெள்ளைக்கார இளைஞனின் மேட்டிமை அவரிடமும் இருந்தது. ஆனா சில வாரங்களிலேயே அந்தக் கடிதங்களின் தொனி மாறுகிறது. தான் பார்த்த பல வெள்ளையின வீரர்களைவிட இவர்கள் வேகமாகக் கற்றுக்கொள்கிறார்கள் என்று எழுதுகிறார். இவர்களால் முடியாது என்று கேலி பேசியவர்கள் வந்து பார்க்கட்டும் என்ற பெருமிதம் தெரிகிறது.

மே 2-ம் தேதி ஷாவுக்கும் ஆனி ஹாகெர்ட்டிக்கும் திருமணம் நடந்தது. அவர்கள் சேர்ந்து வாழ்ந்தது நான்கு வாரம்கூட இல்லை. மே 28-ம் தேதி 54-வது படை பாஸ்டன் தெருக்களில் அணிவகுத்துச் சென்றது. பார்க்க ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். அன்றே கப்பலேறி தெற்கு நோக்கிப் புறப்பட்டார்கள்.

முதல் உத்தரவே தலைகுனிவு

ஜூன் 11-ம் தேதி ஜார்ஜியா மாநிலத்தின் டேரியன் என்ற சிறு ஊருக்கு 54-வது படையை அழைத்துப் போனார் இன்னொரு கர்னலான ஜேம்ஸ் மான்ட்கோமரி. அந்த ஊரில் எதிர்ப்பே இல்லை. இருந்த சிலரும் சாதாரண மக்கள். ஆனா ஊரைக் கொள்ளையடித்துக் கொளுத்தச் சொல்லி உத்தரவு போட்டார் மான்ட்கோமரி.

ஷாவுக்கு இது பெரிய அதிர்ச்சி. உத்தரவை முழுசாக மீற முடியவில்லை, அவருடைய வீரர்களில் ஒரு பகுதியினரும் இதில் ஈடுபட வேண்டியிருந்தது. ஆனா சும்மா இருக்கவில்லை. இது மேலிடத்து உத்தரவா, இல்லை மான்ட்கோமரியின் சொந்த முடிவா என்று கேட்டு ராணுவ அலுவலகத்துக்கு எழுதினார். ஆளுநருக்கும் எழுதினார். ஒருபக்கம் மனசாட்சி உறுத்தியது. இன்னொரு பக்கம் நடைமுறைக் கவலை. வெள்ளைப் படை ஊரைக் கொளுத்தினால் அது போர். கறுப்பினப் படை கொளுத்தினால் அதை வைத்தே ஒரு இனத்தையே குற்றம் சாட்டுவார்கள் என்று அவருக்குத் தெரியும்.

போர் முடிந்த பிறகு, டேரியனில் எரிந்துபோன தேவாலயத்தைத் திரும்பக் கட்ட ஷாவின் அம்மா பணம் கொடுத்தார்.

13 டாலரா, 10 டாலரா?

அடுத்த அடி சொந்த அரசாங்கத்திடமிருந்தே வந்தது. படையில் சேரும்போது, மற்ற வீரர்களுக்குக் கிடைக்கும் அதே மாதம் 13 டாலர் சம்பளம் உங்களுக்கும் உண்டு என்று வாக்குக் கொடுத்திருந்தார்கள். சம்பள அதிகாரி வந்தபோது கதை மாறியது. கறுப்பினத்தவருக்கு 10 டாலர்தான், அதிலும் துணிக்கு 3 டாலர் பிடித்தம் என்றார்கள். கையில் மிஞ்சுவது 7 டாலர்.

காரணம், 1862-ல் போட்ட ஒரு சட்டம். கறுப்பினத்தவர் குழி வெட்டவும் மூட்டை தூக்கவும்தான் வருவார்கள் என்ற எண்ணத்தில் எழுதப்பட்ட சட்டம் அது. துப்பாக்கி தூக்கியவர்களுக்கும் அதே கூலியைத் தர முயன்றார்கள்.

கொடுத்தால் முழுசாகக் கொடுங்கள், இல்லையென்றால் என் படைக்குச் சம்பளமே வேண்டாம் என்ற நிலையை எடுத்தார் ஷா. வீரர்களும் வாங்க மறுத்தார்கள். இந்த மறுப்பு எவ்வளவு காலம் நீண்டது என்பதைக் கடைசியில் பார்ப்போம்.

தன் வீரர்கள் நிஜமான சண்டையில் வெள்ளைப் படைகளோடு தோளோடு தோள் நிற்க வேண்டும் என்பதில் ஷா உறுதியாக இருந்தார். அதற்காக ஜெனரல் ஜார்ஜ் ஸ்ட்ராங்குக்கு எழுதினார். ஜூலை 16-ம் தேதி ஜேம்ஸ் தீவில் வாய்ப்பு வந்தது. திடீரென்று தாக்கிய தெற்குப் படையை 54-வது படையின் காவல் வரிசை தடுத்து நிறுத்தியது. அதனால் சுற்றிவளைக்கப்படவிருந்த கனெக்டிகட் 10-வது படை தப்பித்தது. ஓடிவிடுவார்கள் என்று சொன்னவர்களுக்கு அதுவே முதல் பதில்.

வாக்னர் கோட்டை: என்ன நடந்தது?

சார்ல்ஸ்டன் துறைமுகத்தைப் பிடிக்க வேண்டுமென்றால் மோரிஸ் தீவில் இருந்த வாக்னர் கோட்டையைத் தாண்டியாக வேண்டும். மணலையும் மரத்தடிகளையும் கொண்டு கட்டிய கோட்டை. பீரங்கிக் குண்டு விழுந்தால் மணலில் புதைந்துவிடும், சுவர் உடையாது. அதை நெருங்க இருந்த ஒரே வழி, ஒருபக்கம் கடலும் மறுபக்கம் சதுப்பு நிலமுமாக இருந்த குறுகலான மணல் பாதை. முன்னால் அகழி வேறு. ஜூலை 11-ல் நடந்த முதல் தாக்குதல் தோல்வியில் முடிந்திருந்தது.

ஜூலை 18-ம் தேதி பகல் முழுக்க கப்பல்களும் பீரங்கிகளும் கோட்டை மீது குண்டுமழை பொழிந்தன. உள்ளே இருந்தவர்கள் செத்துத் தொலைந்திருப்பார்கள் என்று வடக்குத் தளபதிகள் நினைத்தார்கள். ஆனா சுமார் 1,700 பேர் கொண்ட காவல்படையில் பெரும்பாலானோர் பதுங்கு அறைக்குள் பத்திரமாக இருந்தார்கள்.

54-வது படை அன்று சாயங்காலம்தான் மோரிஸ் தீவுக்கு வந்து சேர்ந்தது. இரண்டு நாளாக மழையிலும் சேற்றிலும் நடை, சரியான தூக்கமில்லை, சாப்பாடில்லை. முன்னணியில் போக விருப்பமா என்று ஷாவிடம் ஜெனரல் ஸ்ட்ராங் கேட்டார். அந்த இடத்தில் நிற்பவர்களில் பாதிப் பேர் திரும்ப மாட்டார்கள் என்று தெரிந்தே ஷா சம்மதித்தார்.

தன்னிடம் இருந்த கடிதங்களை ஒரு நண்பரிடம் கொடுத்துவிட்டு, குதிரையையும் திருப்பி அனுப்பிவிட்டு, வீரர்களோடு வீரராக நடந்தே முன்னால் போனார். அவர் பின்னால் சுமார் 600 பேர். ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் மணல்வெளி. இருட்டத் தொடங்கும் நேரம். அவர்கள் கிட்ட வரும்வரை காத்திருந்த கோட்டை, பிறகு மொத்தமாகச் சுடத் தொடங்கியது.

விழுந்தவர்களைத் தாண்டி மற்றவர்கள் அகழிக்குள் இறங்கி, மணல் சரிவில் ஏறினார்கள். ஷா கோட்டைச் சுவரின் உச்சி வரை போனார். வீரர்களை முன்னே வரச்சொல்லி அழைத்த நிலையில் நெஞ்சில் குண்டு பாய்ந்து அங்கேயே விழுந்தார்.

கொடி பிடித்தவர் விழுந்தபோது வில்லியம் கார்னி அதை எடுத்துக்கொண்டார். பல இடங்களில் குண்டுக் காயம் பட்டும், கொடியைத் தரையில் விழவிடாமல் தவழ்ந்தபடியே திரும்பக் கொண்டுவந்தார். அதிகாரிகள் அடுத்தடுத்து விழ, கடைசியில் படையின் பொறுப்பு 18 வயது கேப்டன் லூயிஸ் எமிலியோவின் தலையில் வந்தது.

600 பேரில் 272 பேர் கொல்லப்பட்டார்கள், காயமடைந்தார்கள் அல்லது பிடிபட்டார்கள். பின்னால் வந்த வெள்ளைப் படைகளும் சேர்த்து, அன்று இரவு வடக்குக்கு ஏற்பட்ட மொத்த இழப்பு சுமார் 1,500. ஜெனரல் ஸ்ட்ராங்கும் காயத்தால் சில நாட்களில் இறந்துபோனார். கோட்டை விழவில்லை.

சார்ஜென்ட் சிம்மன்ஸ் படுகாயத்தோடு பிடிபட்டு சார்ல்ஸ்டனில் இறந்தார். அதே வாரத்தில்தான் நியூயார்க்கில் கட்டாய ராணுவ ஆள்சேர்ப்பை எதிர்த்துக் கலவரம் வெடித்தது. வெள்ளைக் கும்பல்கள் கறுப்பினத்தவரைத் தேடித் தேடித் தாக்கின. சிம்மன்ஸின் சகோதரி மகன் அந்தக் கலவரத்தில் கொல்லப்பட்டான். நாட்டுக்காக மாமா சண்டை போட்டுக்கொண்டிருந்த அதே நாட்களில், அந்த நாட்டின் பெரிய நகரத்தில் மருமகனுக்குப் பாதுகாப்பு இல்லை.

தோற்ற சண்டை ஏன் முக்கியம்?

கறுப்பினத்தவர் சண்டையில் நிற்பார்களா என்ற கேள்வி அந்த இரவோடு எடுபடாமல் போனது. பத்திரிகைகளில் செய்தி பரவியது. படையில் சேர்வோரின் எண்ணிக்கை கூடியது. போர் முடிவதற்குள் சுமார் 1 லட்சத்து 80 ஆயிரம் கறுப்பின வீரர்கள் வடக்கின் ராணுவத்தில் பணியாற்றினார்கள்.

ஜூலை 30-ம் தேதி லிங்கன் ஓர் உத்தரவு போட்டார். பிடிபட்ட வீரர்களைத் தெற்கு கொன்றாலோ அடிமையாக்கினாலோ, தங்கள் வசம் உள்ள தெற்குக் கைதிகள் மீது பதில் நடவடிக்கை எடுக்கப்படும் என்பதே அதன் சாரம். பிடிபட்ட 54-வது படை வீரர்கள் சிலர் மீது சார்ல்ஸ்டனில் விசாரணை நடந்தது. தனக்கு அதிகாரம் இல்லை என்று நீதிமன்றம் ஒதுங்கிக்கொண்டது. தூக்கு தப்பியது, ஆனா விடுதலை கிடைக்கவில்லை.

செப்டம்பர் தொடக்கத்தில் தெற்குப் படை வாக்னர் கோட்டையை விட்டு வெளியேறியது. ஷாவின் உடலைத் தேடி எடுக்கும் பேச்சு வந்திருந்த நேரம். அப்போது படைத் தளபதி கையில் இருந்ததுதான், வேண்டாம் என்ற அந்த அப்பாவின் கடிதம்.

18 மாதம் சம்பளம் இல்லாமல்

இப்போ சம்பள விஷயத்துக்கு வருவோம். ஷா இறந்த பிறகும் வீரர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. 1863 கடைசியில் மாசசூசெட்ஸ் அரசு ஒரு வழி சொன்னது. மத்திய அரசு தரும் தொகைக்கும் 13 டாலருக்கும் உள்ள வித்தியாசத்தை நாங்களே தருகிறோம் என்றது. வேறு யாராக இருந்தாலும் வாங்கியிருப்பார்கள். 54-வது படை அதையும் மறுத்தது. பிரச்சினை 3 டாலரோ 6 டாலரோ இல்லை, எங்களையும் சமமான வீரர்களாக அரசு ஏற்கிறதா என்பதுதான் என்று நின்றார்கள்.

இது சும்மா பேச்சு இல்லை. ஊரில் அவர்களுடைய குடும்பங்கள் கடனிலும் பசியிலும் தவித்தன. தென் கரோலினா 3-வது கறுப்பினப் படையின் சார்ஜென்ட் வில்லியம் வாக்கர், இதே சம்பளப் பிரச்சினைக்காகத் தன் ஆட்களோடு ஆயுதத்தைக் கீழே வைத்தார். அதைக் கலகம் என்று சொல்லி, 1864 தொடக்கத்தில் அவரைச் சுட்டுக்கொன்றது வடக்கு ராணுவம்.

அதே ஆண்டு பிப்ரவரியில் புளோரிடாவின் ஒலஸ்டியில் வடக்குப் படை தோற்றுப் பின்வாங்கியபோது, ஒரு காசு சம்பளம் வாங்காத 54-வது படைதான் பின்னால் நின்று மற்றவர்களைக் காப்பாற்றியது. காயம்பட்டவர்களை ஏற்றிவந்த ரயில் வழியில் நின்றுவிட, கயிறு கட்டித் தங்கள் கையாலேயே அதைச் சில மைல் தூரம் இழுத்துவந்தார்கள்.

1864 ஜூனில்தான் சம ஊதியச் சட்டம் வந்தது. அதிலும் ஒரு கொக்கி. 1861 ஏப்ரல் 19-ம் தேதி சுதந்திர மனிதராக இருந்தவருக்கு மட்டுமே சேர்ந்த நாளிலிருந்து முழு நிலுவை. அடிமையாக இருந்து தப்பித்தவர்களுக்கு? ஷாவுக்குப் பிறகு கர்னலான எட்வர்ட் ஹாலோவெல் ஒரு வழி கண்டுபிடித்தார். அந்தத் தேதியில் தன் உழைப்பைக் கூலியின்றிக் கேட்கும் உரிமை யாருக்கும் இருக்கவில்லை என்று ஒவ்வொரு வீரரும் சத்தியம் செய்ய வேண்டும். மனிதச் சட்டம் எதையும் சொல்லட்டும், கடவுளின் சட்டப்படி யாரும் யாருக்கும் அடிமை இல்லையே! அடிமையாக இருந்தவர்களும் பொய் சொல்லாமல் அந்தச் சத்தியத்தைச் செய்ய முடிந்தது.

1864 செப்டம்பர் கடைசியில், சுமார் 18 மாதத்துக்குப் பிறகு, முழுச் சம்பளம் அவர்கள் கைக்கு வந்தது.

பதவி விஷயத்திலும் ஒரு சுவர் உடைந்தது. ஒலஸ்டியில் தலையில் காயம்பட்ட சார்ஜென்ட் ஸ்டீபன் ஸ்வெய்ல்ஸை அதிகாரியாக்க ஆளுநர் உத்தரவு போட்டும், ஆப்பிரிக்க வம்சாவளி என்று சொல்லி போர்த்துறை மாதக்கணக்கில் இழுத்தடித்தது. 1865 ஜனவரியில்தான் அவர் லெப்டினன்ட் ஆனார்.

சினிமாவில் வருவது எல்லாம் உண்மையா?

இந்தக் கதையை 1989-ல் குளோரி என்ற ஹாலிவுட் படமாக எடுத்தார்கள். டென்சல் வாஷிங்டனுக்கு சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கர் வாங்கிக் கொடுத்த படம். ஆனா படத்தில் வீரர்களில் பெரும்பாலானோர் தப்பி வந்த அடிமைகள் போலக் காட்டப்படுகிறார்கள். உண்மையில் அதிகம் பேர் வடக்கின் சுதந்திரமான கறுப்பினத்தவர். படத்தில் ஒரு வீரரைச் சவுக்கால் அடிக்கும் காட்சி வரும். ராணுவத்தில் சவுக்கடித் தண்டனை 1861-லேயே தடை செய்யப்பட்டுவிட்டது. படம் வாக்னர் கோட்டையோடு முடிந்துவிடுகிறது. சம்பளத்துக்காக அதன்பிறகும் ஒரு வருடத்துக்கு மேல் நடந்த போராட்டம் அதில் இல்லை.

கல்லில் ஏறாத பெயர்கள்

54-வது படை 1865 ஆகஸ்ட்டில் கலைக்கப்பட்டது. ஷாவுக்காக வீரர்கள் திரட்டிய நினைவு நிதி, சார்ல்ஸ்டனில் கறுப்பினக் குழந்தைகளுக்கான பள்ளிக்குப் போனது. அந்தப் பள்ளிக்கு ஷாவின் பெயர் வைக்கப்பட்டது. ஆனி மறுமணம் செய்துகொள்ளவே இல்லை, 1907-ல் இறந்தார்.

பாஸ்டனில் நினைவுச்சின்னம் வைக்க முதலில் முயற்சி எடுத்தவர், ஷா குடும்பத்தில் ஒரு காலத்தில் வேலை பார்த்த கறுப்பினத் தொழிலதிபர் ஜோஷுவா ஸ்மித். பிறகு சிற்பி அகஸ்டஸ் செயின்ட்-காடன்ஸ் குதிரையில் ஷா மட்டும் இருக்கும் சிலையைத் திட்டமிட்டார். குடும்பம் ஒத்துக்கொள்ளவில்லை. வீரர்கள் இல்லாமல் அவன் மட்டும் எதற்கு என்பது அவர்களுடைய கேள்வி. அதனால்தான், குதிரையில் ஷாவும் அவரைச் சுற்றி நடந்து போகும் வீரர்களுமாக அந்தச் சிற்பம் உருவானது. 1897 மே 31-ம் தேதி திறக்கப்பட்டபோது, வயதான 54-வது படை வீரர்களும் வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் வில்லியம் கார்னி. வாக்னர் கோட்டையில் கொடியைக் காப்பாற்றியதற்காக அவருக்கு நாட்டின் மிக உயர்ந்த வீரப் பதக்கம் 1900-ல்தான் கிடைத்தது, அதாவது 37 வருடம் கழித்து.

வாக்னர் கோட்டை இருந்த இடத்தைக் கடல் அரித்துக்கொண்டு போய்விட்டது. பாஸ்டன் சிற்பம் இன்றும் இருக்கிறது. அதன் பின்பக்கம், இறந்துபோன வெள்ளை அதிகாரிகளின் பெயர்களைத் திறக்கும்போதே பொறித்திருந்தார்கள். கறுப்பின வீரர்களின் பெயர்கள் சேர்ந்தது 1980-களில்தான். 1863-ல் ஒரே குழியில் ஒன்றாகக் கிடந்தவர்கள், கல்லில் ஒன்றாக இடம்பெற சுமார் 120 வருடம் ஆனது.